லெஃப்ட் டியூட்டி, ரைட் டியூட்டி

போன வாரம் என் மகன் புதிதாக வாங்கிய காரில் என்னைக் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் கூட்டிப்போனான். காருக்குள் புது பிளாஸ்டிக் வாசனை. எனக்கு அது பிடிக்காது, தலைவலி கொடுக்கும். ஆனாலும் மகன் வாங்கிய கார் என்பதால் மூக்கை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். மார்க்கெட் வளைவில் ஒரு ஸ்கூட்டர்காரன் இடது பக்கம் ஒட்டி வந்தான். உடனே கார் எங்கிருந்தோ ‘பீப் பீப்’ என்று கத்தியது.

“என்னடா இது, யாரு கத்தறது?” என்றேன்.

“சென்சார்ப்பா. சைடுல எது வந்தாலும் அதுவே சொல்லிடும். இந்த மாதிரி வண்டியெல்லாம் இப்பதான் வந்திருக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்பதான் வந்திருக்காம்! இந்த மாதிரி வண்டியை ஜீவனஹள்ளியில் எப்போதோ ஓடவிட்டவன் நான். என்ன, என் வண்டி ‘பீப்’ என்று கத்தாது. “அங்கிள், லெஃப்ட்ல மாடு!” என்று கத்தும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. நான் நாலாங்கிளாஸ். அதையும் முழுசாக முடித்தேனா என்பது எனக்கும் அந்த வாத்தியாருக்கும்தான் தெரியும். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கி, ஒரு பழைய வேனை வாங்கி, அதை இரண்டாக்கி, இரண்டை ஒரு வரிசையாக்கியவன். காக்ஸ் டவுனில் கோட்டு போட்ட ஆபீசர்கள் எல்லாம் ஜூன் மாதம் என் ஷெட் வாசலில் வந்து நிற்பார்கள். “எங்க பாப்பாவுக்கு உங்க வேன்ல ஒரு சீட் போட்டுக் குடுங்க” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் இடம் வாங்குவதைவிட என் வேனில் இடம் வாங்குவது கஷ்டம் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்று கேட்காதீர்கள்.

அந்த வேன்களின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. டீசல், ரெக்ஸின் சீட், அதற்கு மேலே பிள்ளைகளின் டிபன் பாக்ஸ்கள். எலுமிச்சை சாதம் ஒரு மூலை, அவித்த முட்டை ஒரு மூலை, மழைக்காலத்தில் நனைந்த சாக்ஸ் எல்லா மூலையும். மரியதாஸ் அண்ணன் வண்டியில் மட்டும் இன்னொரு வாசனையும் உண்டு. டாஷ்போர்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு கொத்து மருக்கொழுந்து வைத்திருப்பார். பிள்ளைகளுக்கு வாந்தி வராதாம். அது மருந்தோ நம்பிக்கையோ, அவர் வண்டியில் யாரும் வாந்தி எடுத்ததில்லை.

தாஸண்ணன் என்னைவிடச் சில வயது பெரியவர். மெட்ராஸ் ரோட்டில் இரண்டு பேரும் ஒரே ஷெட்டு லாரிகளை ஓட்டியவர்கள். நான் முதல் வேன் வாங்கிய மறுநாளே அவரைத்தான் போய்க் கூப்பிட்டேன். வந்தார். வந்த நாளிலிருந்து என்னை ‘மொதலாளி’ என்றுதான் கூப்பிட்டார், அதுவும் பாதி கிண்டலாக. “மொதலாளி, உன் சட்டையில பட்டன் இல்ல. மொதலாளின்னா பட்டன் இருக்கணும்.” சம்பளம் வாங்கும்போதும் அதே தொனிதான். நானும் அவரை ‘ண்ணே’ என்றுதான் கூப்பிடுவேன். யார் யாருக்கு வேலை கொடுத்தார்கள் என்று வெளியாள் பார்த்தால் குழம்பிப்போவான்.

டிரைவர்கள் நாங்கள் எதற்கெடுத்தாலும் ‘ஜட்ஜ்மெண்ட்’ என்று சொல்வோம். கோர்ட்டு விஷயம் இல்லை. இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது, அதில் வண்டி நுழையுமா நுழையாதா என்று கண் பார்த்த மாத்திரத்தில் மனசு ஒன்று சொல்லும் பாருங்கள், அதுதான். “அவனுக்கு ஜட்ஜ்மெண்ட் பத்தாதுப்பா” என்று ஒருவனைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவனுக்கு எந்த ஷெட்டிலும் ஸ்டியரிங் கிடைக்காது. தாஸண்ணனின் ஜட்ஜ்மெண்டைப் பற்றி இரண்டாவது பேச்சே கிடையாது. ஜீவனஹள்ளிச் சந்துகளில் ஒரு பக்கம் தண்ணீர்க் குடங்கள், மறு பக்கம் காயப்போட்ட பாய், நடுவில் வேனை நூல் கோத்த மாதிரி எடுத்துக்கொண்டு போவார்.

ஒரு நாள் காக்ஸ் டவுனில் ஒரு டீச்சரம்மா என்னை நிறுத்தினார். அவர் மகள் தாஸண்ணன் வண்டியில் போகிற பெண்.

“சார், இந்த வாரம் எங்க ஷீபாவுக்கு லெஃப்ட் டியூட்டியாம். காலைல சீக்கிரம் எழுந்து ரெடியாயிடறா. அது என்ன சார் டியூட்டி?”

எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்வது என் வழக்கம் இல்லாததால், “அது எங்க வண்டியில ஒரு ஸ்பெஷல்மா” என்று சொல்லிவிட்டு வந்து விசாரித்தேன். விஷயம் இதுதான். தாஸண்ணன் வண்டியில் வாரம் ஒரு பிள்ளைக்கு இடது ஜன்னல், ஒரு பிள்ளைக்கு வலது ஜன்னல். வண்டி எடுக்கும்போது அவர் “லெஃப்ட்?” என்று கேட்பார். “கிளியர் அங்கிள்!” என்று லெஃப்ட் டியூட்டி கத்த வேண்டும். “ரைட்?” என்பார். அந்தப் பக்கத்து டியூட்டி பதில் சொல்ல வேண்டும். போகிற வழியெல்லாம் “லெஃப்ட்ல ஆட்டோ!”, “ரைட்ல பாட்டி!”, “லெஃப்ட்ல மாடு, பெரிய மாடு!” என்று வண்டியே கச்சேரி.

தாய்மார்களுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளைகள் இடம் வலம் கற்றுக்கொள்கிறார்கள், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவதில்லை, சண்டை போடுவதில்லை. நான் சும்மா இருப்பேனா? “எங்க வேன்ல ஏத்தினா பாதிப் படிப்பு வேன்லயே முடிஞ்சிடும்” என்று ஊரெல்லாம் சொன்னேன். மற்ற டிரைவர்களையும் இதே மாதிரி செய்யச் சொன்னேன். அவர்கள் இரண்டு நாள் செய்துவிட்டு, காது வலிக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது தசரா லீவில். பள்ளிக்கூடங்கள் மூடியாயிற்று. பூஜைக்கு முன்னால் சீட் தைக்கக் கொடுக்கலாம் என்று தாஸண்ணன் வேனை எடுக்க, நான் பக்கத்தில் உட்கார, அல்சூருக்குப் புறப்பட்டோம். வண்டியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. மனுஷர் வழக்கமாகப் போகிற வேகத்தில் பாதிகூடப் போகவில்லை. கழுத்தை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கழுத்து சுளுக்கோ என்று நினைத்தேன்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு பூக்காரன் சைக்கிளில் வந்தான். கேரியரில் பெரிய கூடை, கூடை நிறையச் சேவந்தி. நன்றாக, பட்டப்பகலாகத் தெரிகிறது. தாஸண்ணன் வண்டியை அவன் மேலேயே விடுகிறார்.

“ண்ணே! லெஃப்ட்!” என்று அலறினேன்.

பிரேக் அடித்தார். சைக்கிள் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, கூடைதான் கவிழ்ந்தது. “கண்ணு காணல்வேன்றீ நிமகே?” என்று பூக்காரன் கன்னடத்தில் கத்தினான். கண் தெரியவில்லையா என்று கேட்கிறான். கோபத்தில் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் தாஸண்ணன் முகம் செத்துப்போயிற்று.

இறங்கிப் போய் உட்கார்ந்து பூவைப் பொறுக்க ஆரம்பித்தார். நானும் போனேன். அப்போதுதான் பார்த்தேன். நேர் எதிரே கிடக்கிற பூவையெல்லாம் ஒன்று விடாமல் எடுக்கிறார். முழங்காலுக்குப் பக்கத்திலேயே ஒரு குவியல் கிடக்கிறது, அதைத் தொடவில்லை. எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று எழுந்து அதன் மேலேயே கால் வைத்தார். மிதிபட்ட சேவந்தி வாசனை குப்பென்று வந்தது. தசரா மாதத்தில் இந்த ஊரே அந்த வாசனையில்தான் இருக்கும். எல்லாருக்கும் அது பண்டிகை வாசனை. எனக்கு அன்றிலிருந்து வேறு.

“பிரேக் கொஞ்சம் லேட்டா புடிக்குது மொதலாளி. பாரு” என்றார்.

“பாக்கறேண்ணே” என்றேன். திரும்பும்போது நான் ஓட்டினேன். தூக்கம் வருகிறது, ஓட்டினால் தெளியும் என்று ஏதோ உளறி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் சொன்னேன். சரோஜா என் மனைவி. சமையலறையில் பொரிகடலைக்குத் தேங்காய் கீறிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

“பிலோமினா அக்கா போன வாரமே சொன்னாங்க” என்றாள். பிலோமினா அக்கா தாஸண்ணனின் மனைவி. “வீட்ல கதவு நெலையில தோளை இடிச்சிக்கிறாராம். பக்கத்துல வச்ச தட்டைத் தேடறாராம். பெரிய ஆஸ்பத்திரில காட்டிட்டாங்க. கண்ணுக்குள்ள பிரஷராம். நேரா தெரியுமாம், ஓரமெல்லாம் போயிடுச்சாம். போனது போனதுதானாம்.”

“லைசென்ஸ் இப்பதானடி புதுப்பிச்சாரு! டாக்டரே கண்ணு நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டிருக்கான்.”

“செவுத்துல எழுத்து நேராதான இருக்கும்? படிச்சிருப்பாரு.”

நான் யோசித்துப் பார்த்தேன். ரோட்டில் எதுவும் சுவரில் எழுதின எழுத்து மாதிரி நேராக வந்து நிற்பதில்லை. எல்லாம் பக்கவாட்டில்தான் வருகிறது. அதற்குத்தான் அந்த மனுஷர் பிள்ளைகளின் கண்ணைக் கடன் வாங்கியிருக்கிறார். விளையாட்டு மாதிரி ஆக்கி, டியூட்டி என்று பேர் வைத்து, அவர்களும் ஆசைப்பட்டு அடித்துக்கொள்ளும்படி செய்து. திறமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பது இருபது வீட்டுப் பிள்ளைகள். ஒரு நாள் ஷீபாவுக்குத் தும்மல் வந்தால்?

“இப்பவே போய்ச் சாவிய வாங்கிட்டு வரேன்” என்று சட்டையை மாட்டினேன்.

“வாங்கிடுவீங்க. அவரும் குடுத்துடுவாரு” என்றாள் சரோஜா. “அப்புறம்? நாளைக்கு இந்தத் தெருவுல அவரு யாரு? கண்ணு தெரியாதவன்னு மொதலாளி சாவிய புடுங்கின ஆளு. அவ்வளவுதான? இந்தப் பக்கமே வரமாட்டாரு அவரு.”

“அப்ப பிள்ளைங்கள ஏத்தி அனுப்பச் சொல்றியா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்? ஸ்கூல் தொறந்தா அவரு வண்டி எடுக்கக் கூடாது. ஆனா வேணாம்னு அவரு சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது. லீவு முடியல இல்ல? சட்டையக் கழட்டிட்டு இந்தத் தேங்காயக் கீறுங்க.”

தேங்காய் கீறினேன். வேன் வரிசைக்கு முதலாளி, ஆபீசர்கள் வாசலில் நிற்கிறார்கள், அவன் உட்கார்ந்து தேங்காய் கீறுகிறான்.

ஆயுத பூஜை அன்று எங்கள் ஷெட்டைப் பார்த்திருக்க வேண்டும். வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சேவந்தி மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, சாவிகளையெல்லாம் ஒரே தாம்பாளத்தில் சாமி முன்னால் வைப்போம். தாஸண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் பூசை பார்க்கிறவர். ஆனாலும் வாழைக்கன்றை அவர் கட்டினால்தான் நிற்கும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். பூஜை முடிந்ததும் முதல் வண்டி அவருடையது. தெருப்பிள்ளைகள், வேன் பிள்ளைகள் எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஜீவனஹள்ளியை ஒரு சுற்று சுற்றி வருவார். அந்தச் சுற்றுக்காகவே பிள்ளைகள் காலையிலிருந்து ஷெட்டில் காத்துக்கிடக்கும்.

அன்றும் ஏறிவிட்டார்கள். எங்கள் ஷெட் தரை சரிவு. அதனால் முன் சக்கரத்துக்குக் கீழே எப்போதும் ஒரு கல் கொடுத்திருப்போம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர் “எடு” என்று குரல் கொடுத்தால் நான் கல்லை உருவ வேண்டும். “அவரு எடுன்னு சொன்னாலும் நீங்க எடுக்கக் கூடாது” என்று சரோஜா காதோடு சொல்லியிருந்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை. கையில் ஒரு தட்டோடு வேனுக்குள் ஏறினாள்.

தட்டில் கமர்கட்டு. வெல்லமும் தேங்காயும் போட்டுக் காய்ச்சி உருட்டுவது, தெரியும்தானே? பல்லில் ஒட்டினால் தாடையைப் பிரிக்க முடியாது. கடையில் விற்பது கோலி அளவு. இவள் உருட்டியிருந்தது எலுமிச்சை அளவு. நான் கீறிய தேங்காய் எங்கே போயிற்று என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு பிள்ளை வாயிலும் அவளே போட்டாள். “முழுங்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, சாமி வண்டியில உக்காந்திருக்கு” என்றாள். கன்னம் புடைத்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

தாஸண்ணன் புதுச்சட்டை போட்டிருந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது.

“லெஃப்ட்?” என்றார்.

வெல்லம் உறிஞ்சும் சத்தம்தான்.

“லெஃப்ட் டியூட்டி யாருடா? தூங்கிட்டீங்களா?”

ஷீபா ஏதோ சொல்ல வந்தாள். எச்சில்தான் ஒழுகியது. பக்கத்துப் பிள்ளைகள் மூக்கால் சிரித்தார்கள்.

“ரைட்?”

அந்தப் பக்கமும் உறிஞ்சல்தான்.

வண்டி அப்படியே உறுமிக்கொண்டு நின்றது. நான் கல்லைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். ‘எடு’ வருகிறதா என்று காது அங்கேயே இருந்தது. அவர் தலையை முழுசாக இடது பக்கம் திருப்பினார். அங்கே பிலோமினா அக்கா நின்றிருந்தார், முந்தானை வாயில். பிறகு முழுசாக வலது பக்கம் திருப்பினார். அங்கே சரோஜா, காலித் தட்டோடு. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவளும் தலையைக் குனியவில்லை. பிறகு கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்தார்.

என்ஜினை அணைத்தார்.

“மொதலாளி” என்றார். “இங்க வா.”

போனேன்.

“இதுங்க கத்தலன்னா எனக்கு வண்டி எடுக்க வரலடா” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சாவியை உருவி, ஒரு தரம் துடைத்து, என் கையில் வைத்தார். பிறகு இறங்கி, தெருவுக்கே கேட்கிற குரலில், “இந்த வருஷம் சுத்து மொதலாளி எடுக்கட்டும்! எத்தன வருஷம் நானே எடுக்கறது? அவனும் வண்டி ஓட்டறவன்தான்னு புள்ளைங்களுக்குத் தெரியட்டும். கல்ல நான் பாத்துக்கறேன்” என்றார்.

கீழே உட்கார்ந்தார். “எடுண்ணே” என்றேன். அவரை நான் அப்படி ஏவியது அதுதான் முதல் தடவை. கல்லை உருவினார். எலுமிச்சம்பழங்கள் படீர் படீர் என்று வெடித்தன. தெருவே கை தட்டியது.

ஸ்கூல் திறந்தபோது அவர் வண்டியில் ஏறவில்லை. பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னேன். “வேற ஒருத்தன் ஓட்ட நான் உக்கார மாட்டேன். என் கால் பிரேக்க தேடும்” என்று சொல்லிவிட்டார். ஆனால் ஷெட்டுக்குத் தினமும் வந்தார். டெலிபோனை எடுத்துத் தாய்மார்களிடம் பேசினார். புது டிரைவர்களை என்னைவிட அதிகமாகத் திட்டினார். லைசென்ஸில் இன்னும் வருஷம் பாக்கி இருந்தது. ஆனாலும் சாகும்வரை ஒரு வண்டியைக்கூட நகர்த்தவில்லை. ‘தாஸண்ணன் வண்டிய விட்டுட்டாரு’ என்றுதான் ஜீவனஹள்ளியில் பேசினார்கள். அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை. இதெல்லாம் என் யோசனை என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் மறுப்பதில்லை. சரோஜாவும் மறுப்பதில்லை. அதனால்தான் அவளிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

விவேகம், நிதானம் என்றெல்லாம் அல்சூர்ப் பக்கம் மேடை போட்டுப் பேசுகிறார்கள். முன்வரிசையில் என்னை உட்காரவைத்துச் சால்வையும் போர்த்துகிறார்கள். நானும் தலையாட்டிக் கேட்கிறேன். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் வண்டி நுழையுமா என்று கண்டுபிடிக்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் நானே முதல் வரிசை. நுழைய வேண்டாம் என்று வண்டியை அணைத்த ஆள் என் கணக்கில் ஒருவர்தான். அதற்கு அவருக்கு இடம் விட்டுக்கொடுத்தவளும் ஒருத்திதான்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட். ஆயுத பூஜை இன்னும் உண்டு. தரைக்கு அடியில் பார்க்கிங்கில் அவரவர் காருக்குப் பொட்டு வைத்து, பழத்தை நசுக்கி, லிஃப்டில் ஏறிப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவது இல்லை. கமர்கட்டு கேட்டால் சர்க்கரை இல்லாதது இருக்கிறது என்கிறான் கடைக்காரன்.

தொழிலை மகன் பார்க்கிறான். டிரைவரை இப்போது யாரும் முகம் பார்த்து எடுப்பதில்லை. போனில் வருகிறான், போனில் போகிறான். வண்டியில் வந்தவர்கள் இறங்கினதும் அவனுக்கு நட்சத்திரம் போடுகிறார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை. மகன் ராத்திரி உட்கார்ந்து அந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் யார் நல்ல டிரைவர் என்று முடிவு செய்கிறான். ஒரு நாள் அவனிடம் கேட்டேன், ஓடாத டிரிப்புக்கு இதில் எங்கேடா நட்சத்திரம் போடுவது என்று.

“ஓடாத டிரிப்பு இதுல வரவே வராதேப்பா” என்றான்.